கார் இல்லாத வீட்டில் ஒரு சார்ஜர்

பிப்ரவரி 3

மதியம் குட்டிக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். மகள் சீக்கிரம் எடுத்தால் சீக்கிரம் வைத்துவிடப் போகிறாள் என்று அர்த்தம். இரண்டு வருடத்தில் இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

வேலை எப்படி, மாப்பிள்ளை எப்படி, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா. எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில். பிறகு, "நீங்க பிரஷர் மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டாள்.

நீங்க. பேசத் தொடங்கிய நாளிலிருந்து முப்பத்தொரு வயது வரை என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டாள். அவள் அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர், சண்டை வந்தால் "போடி" என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். இப்போது பாங்க் மேனேஜரிடம் பேசுவது போல மரியாதை. இந்த மரியாதைக்கு அவள் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

ஒரு ஞாயிறு வந்துவிட்டுப் போயேன் என்றேன்.

"வந்தா திரும்பப் போக சார்ஜ் பத்தாதும்மா. வர நூத்தறுபது கிலோமீட்டர், போக நூத்தறுபது. என் வண்டி இருநூத்தம்பதுதான் ஓடும். வழியில இருக்கற சார்ஜிங் ஸ்டேஷன் பாதி நாள் வேலை செய்யாது. உங்க வீட்லயும் போட வசதி இல்ல."

பஸ்ஸில் வாயேன் என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"இங்க வசதி பண்ணிட்டா வருவியா?"

அவள் வீட்டில் மிக்ஸி ஓடி நிற்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாக்கலாம்மா" என்றாள்.

இல்லை என்று சொல்லவில்லை. பாக்கலாம் என்றுதான் சொன்னாள்.

பிப்ரவரி 4

வீட்டில் சைக்கிள்கூட இல்லாதவள் கார் சார்ஜர் போடுவதென்றால் யாரிடம் போய்க் கேட்பது?

பிப்ரவரி 10

மாடிக்காரரிடம் பேசினேன். வீடு அவருடையது, நான் கீழ்த்தளத்தில் பதினான்கு வருட வாடகை. அவர் சிரித்துவிட்டார். "உங்ககிட்ட வண்டியே இல்லையேம்மா. எதுக்கு சார்ஜ் போடப் போறீங்க, மிக்ஸிக்கா?" என்றார்.

மகள் வருவாள் என்றேன். அவர் மனைவி உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்திச் சத்தம் நின்றது. அவருக்குத் தெரியும், இரண்டு வருடமாக மகள் வாசலை மிதிக்கவில்லை என்று.

தீப்பிடிக்குமாமே, எங்கேயோ ஒரு வண்டி எரிந்ததை போனில் பார்த்தாராம். வாசல் சுவரில் ஓட்டை போடக் கூடாது, அவர் மோட்டாருக்கு வரும் கரண்ட் குறையக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் அவர் மனைவி உள்ளே இருந்தபடியே சொன்னார்: "போட்டுக்கட்டும், விடுங்க."

படியிறங்கும்போது கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. அனுமதி கிடைத்துவிட்டதே, சந்தோஷப்பட வேண்டியதுதானே?

பிப்ரவரி 17

எலக்ட்ரீஷியன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, பல் டாக்டர் என் வாயைப் பார்த்தது போல ஒரு முகம் காட்டினார். (நான் பல் செட் செய்யும் லேபில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.)

வீட்டு ஒயர் ஒல்லியாம். மீட்டரிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுக்க வேண்டும், அதற்குத் தனி பிரேக்கர், மண்ணில் குழி தோண்டித் தனி எர்த். மின்சார ஆபீஸில் லோடு கூட்டிக் கேட்க வேண்டும். தெரு லைன் பழசு என்பதால் சின்ன சார்ஜர்தான் தாங்கும். "மெதுவாத்தான் ஏறும். பரவால்லயா?" என்றார்.

பரவாயில்லை.

"வண்டியில ப்ளக் எந்த மாதிரி?"

தெரியாது. மகளைக் கேட்கத் தைரியம் இல்லாமல் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். ப்ளக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். விஷயம் கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. "அத்த, இப்பவே எதுக்கு? கொஞ்சம் பொறுங்களேன்" என்றார். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாயங்காலம் படம் மட்டும் வந்தது.

பிப்ரவரி 18

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் இரண்டு வருடமாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், ஒரு தடவையும் எழுதியதில்லை.

இரண்டு வருடம் முன்னால், குட்டிக்கு ஏழாம் மாதம். உள்ளே அசைவு இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பையன். தொப்புள்கொடி முறுக்கிக்கொண்டுவிட்டது, இதில் யார் தப்பும் இல்லை, என்ன செய்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். நான் நான்கு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்திருந்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினேன். தடவிக்கொண்டே சொன்னேன்—

"தினமும் அவ்ளோ தூரம் கார் ஓட்டாத ஓட்டாதன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே. கேட்டியா?"

அவள் திரும்பவில்லை. தலையை மட்டும் என் கையிலிருந்து நகர்த்திக்கொண்டாள். ஓரமாக நின்று எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஏன் சொன்னேன்? எனக்குத் துக்கம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். அவள் அப்பா செத்த அன்றும் பாத்திரக்காரனிடம் சண்டை போட்டேன். யார் தலையிலாவது பழியை இறக்கிவைத்தால் மூச்சு விடலாம் போல இருந்தது. கட்டிலில் கிடந்தவள் தலையில் இறக்கிவைத்துவிட்டேன்.

அதே காருக்குத்தான் இப்போது கரண்ட் கேட்டு அலைகிறேன்.

மார்ச் 4

மின்சார ஆபீஸ். மூன்றாவது தடவை. வண்டிப் பதிவுச் சான்று நகல் வேண்டுமாம்.

"வண்டி உங்க பேர்லயா?"

"மக பேர்ல."

"மக இந்த வீட்ல இருக்காங்களா?"

"வருவா."

கவுண்டரில் இருந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. பிறகு என்ன நினைத்தாரோ, 'பயன்படுத்துபவர்' என்ற கட்டத்தில் அவரே என் பேனாவை வாங்கி 'குடும்பத்தினர்' என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். வெளியே வந்து அந்த ஒரு வார்த்தையை மரத்தடியில் நின்று இரண்டு முறை படித்தேன்.

மார்ச் 16

எர்த் குழி தோண்டினார்கள். ஆளுயரத்துக்கு மேல் ஆழம். என் செம்பருத்தி போய்விட்டது. லேபில் மூன்று கீழ்ப்பல் செட் பாக்கி நிற்கிறது, லீவு போட்டுவிட்டு மண் அள்ளுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிக்காரரும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை.

மார்ச் 29

முடிந்தது. வாசல் பக்கச் சுவரில் வெள்ளைப் பெட்டி, கீழே சுருட்டி மாட்டிய கறுப்பு ஒயர். சோதிக்க வண்டி இல்லை. எலக்ட்ரீஷியன் ஒரு சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. "கரெக்டா இருக்கும்மா. பொண்ண வரச் சொல்லுங்க" என்றார்.

நான்கு படம் எடுத்தேன். ஒன்றில் என் விரல், ஒன்றில் மாடிக்காரர் தலை. மூன்றாவது நன்றாக இருந்தது. அதை அனுப்பினேன். கீழே என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்து, "ரெடி" என்று மட்டும் எழுதினேன்.

பார்த்துவிட்டாள். நீல டிக் விழுந்தது 4.20க்கு.

மார்ச் 30

பதில் இல்லை.

மார்ச் 31

ஞாயிறு. வாசல் கழுவினேன். கழுவ வேண்டிய நாள்தான்.

ஏப்ரல் 1

லேபில் பல் செட்டுக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே படிக்கட்டுக்குப் போனேன்.

"நான் சும்மா ஒரு காரணத்துக்குச் சொன்னேம்மா. நீங்க நெஜமாவே போடுவீங்கன்னு நெனைக்கல."

"தெரியும்" என்றேன். உண்மைதான். எனக்கு முதல் நாளே தெரியும்.

"தெரிஞ்சா ஏன் போட்டீங்க?"

"அந்தக் காரணம் இல்லாம போயிட்டா வேற காரணம் சொல்லணுமே நீ. அதைக் கேக்கலாம்னுதான்."

நன்றாகவே அழுகிறாள் என்று தெரிந்தது. அழுகை சத்தமில்லாமல் இருந்தாலும் எனக்குத் தெரியும், பெற்றவள். அழுதபடியே சொன்னாள்.

"உங்க மூஞ்சியப் பாத்தா அந்த ரூம் ஞாபகம் வருதும்மா. என்னால முடியல. சார்ஜ் எல்லாம் ஒன்னும் இல்ல."

வைத்துவிட்டாள். நான் உள்ளே போய் மீண்டும் மெழுகை உருக்கினேன். ஒரு பெரியவருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி வேண்டுமாம், சொந்தப் பல்லில் இருந்தது போலவே. ஐந்து தடவை செய்தும் சரியாக வரவில்லை.

ஏப்ரல் 22

பெட்டி மேல் பழைய தலையணை உறை ஒன்றைப் போட்டு மூடினேன். தூசி படியக் கூடாதென்று மாடிக்காரரிடம் சொன்னேன்.

மே 19

பக்கத்துத் தெருவில் ஒருவர் ஸ்கூட்டர் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தார். முடியாது என்றேன். மகள் எந்த நேரமும் வருவாள், ஒயர் காலியாக இருக்க வேண்டும் என்றேன். சொல்லிவிட்டு என் வாயை நானே நம்ப முடியாமல் நின்றேன்.

ஜூன் 8

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 13

மெதுவாக, நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதே முக்காலுக்குப் போன். "வீட்ல இருக்கீங்களா?" ஆபீஸ் வேலையாக நேற்று எங்கள் ஊருக்கும் அந்தப் பக்கம் ஒரு கிளைக்குப் போயிருந்தாளாம். திரும்பும் வழியில் சார்ஜிங் ஸ்டேஷன் செத்துக் கிடக்கிறது. வண்டியில் ஒன்பது சதவீதம். அடுத்த ஸ்டேஷன் வரை தாங்காது.

"வா" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தலையணை உறையை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் திணித்தேன்.

பத்தரைக்கு வந்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். தொளதொளச் சட்டை. ஆனாலும் தெரிந்தது. ஐந்தரை மாதம் இருக்கும்.

எனக்குச் சொல்லவில்லை. ஏப்ரலில் போனில் அழுதாளே, அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை கொஞ்சம் பொறுக்கச் சொன்னதும்— இல்லை, அப்போது தெரிந்திருக்காது. நான் என் பாட்டுக்கு மாதங்களை எண்ணிக்கொண்டு நிற்கிறேன், அவள் ஒயரை இழுத்துச் செருகுகிறாள். வண்டியில் விளக்கு சிமிட்டியது. வேலை செய்தது.

உள்ளே வரவில்லை. வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். சாப்பாடு கொண்டுவந்தேன். பாதி சாப்பிட்டாள். நான் எதிரே படியில் உட்கார்ந்தேன். அவள் வயிற்றைப் பார்க்காமல் இருப்பதற்காக வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவள்தான் பேசினாள்.

"கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"இந்த வயித்தோட ஏன் தனியா இவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்தேன்னு கேளுங்க. அதானே மனசுல ஓடுது."

ஓடியது. பொய் சொல்வானேன், அதுதான் ஓடியது. இத்தனைக்குப் பிறகும் இந்தப் பாழாய்ப்போன நாக்கு அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தது.

"கேக்கல" என்றேன்.

"ஏன்?"

"அன்னிக்கி நான் சொன்னது தப்பு, குட்டி. டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். கேட்டுட்டுத்தான் சொன்னேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத் தாங்கல, அதுக்கு உன்னை அடிச்சேன்."

இதைச் சொல்ல இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகியிருக்கிறது. சொல்லிவிட்டால் ஏதாவது இறங்கும் என்று நினைத்திருந்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"நீ சொன்னத நான் நம்புனேம்மா." குரல் உடைந்து வந்தது. "டாக்டர் சொன்னத நம்பல. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாங்கன்னு நெனச்சேன். என் அம்மா சொல்றா, அப்ப அதான் உண்மைன்னு நம்புனேன். ஒரு வருஷம் வண்டியத் தொடல. ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். நான்தான் அவனக் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு ஒரு வருஷம் தூங்குனேன், எந்திரிச்சேன், சோறு தின்னேன். தெரியுமா உனக்கு?"

தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கு என்மேல் கோபம் என்று மட்டும் நினைத்திருந்தேன். என்னை நம்பியிருப்பாள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

நீ என்று கூப்பிட்டதை அப்போது கவனிக்கக்கூட இல்லை. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

அவள் கையைப் பிடிக்கப் போனேன். "வேணாம்" என்றாள், அமைதியாகத்தான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டேன்.

மாடிக்காரர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அவருக்கே கூச்சமாகி உள்ளே போய்விட்டார். வெயில் நகர நகர நாற்காலியை அவளே இரண்டு முறை நிழலுக்குத் தள்ளிக்கொண்டாள். நான் எழுந்து உதவவில்லை, உதவலாமா என்று தெரியவில்லை.

நான்கு மணிக்கு ஒயரைக் கழற்றினாள். எழுபது போதுமாம், வீடு போய்ச் சேரலாமாம். ஒயரைச் சுருட்டி மாட்டிவிட்டு, "போய்ட்டு வர்றேங்க" என்றாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றேன். சத்தமே இல்லாத வண்டி. போய்விட்டதா இல்லையா என்றுகூடக் காதுக்குத் தெரியவில்லை.

ஜூலை 14

ஒரு வருடம் நம்பியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 2

சாப்பிட முடியவில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டுமாம். லேபில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 15

மாப்பிள்ளையிடம் எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றார். எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார், நல்ல பிள்ளை. பிறகு வீட்டில் அவர் பாடு திண்டாட்டம்.

நவம்பர் 6

மாப்பிள்ளையின் செய்தி. "அத்த, பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. கொஞ்ச நாள் ஆகட்டும்னு அவ சொல்றா. தப்பா எடுத்துக்காதீங்க."

படம் இல்லை.

நவம்பர் 7

பையில் இரண்டு புடவை, துண்டு, புதிதாக வாங்கிய வெள்ளைத் துணிகள். காலை ஆறரை பஸ். சீட்டுகூடக் கிடைத்துவிட்டது, ஜன்னல் ஓரம். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நாள் ஆகட்டும் என்றுதானே சொன்னாள்? அவள் சொன்னதை ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா?

இறங்கிவிட்டேன். கண்டக்டர், "என்னம்மா, ஊர் மாறி ஏறிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

நேராக லேபுக்குப் போனேன், பையோடு. யாரும் கேட்கவில்லை. பேத்தி பிறந்திருக்கிறாள் என்று மதியம் சொன்னேன். கைகொடுத்தார்கள். யார் ஜாடை என்று ஒருவர் கேட்டார். அம்மா ஜாடை என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 1

படம் வந்தது. மாப்பிள்ளை அனுப்பியது அல்ல. அவளே அனுப்பியது. தூங்கும் முகம், ஒரு காது, ஒரு கை. நான்கு தடவை எழுதி அழித்தேன். ஜாக்கிரதை, குளிர், தலையில் துணி கட்டு— எல்லாமே யோசனை சொல்வதாக இருந்தது. கடைசியில் "அழகா இருக்கா" என்று அனுப்பினேன்.

ஜனவரி 19

வந்தார்கள். மாப்பிள்ளை ஓட்டினார், அவள் பின்சீட்டில் குழந்தையோடு. ஆபீஸில் ஏதோ கையெழுத்துப் போட அந்தக் கிளைக்குப் போக வேண்டுமாம், வழியில் சார்ஜ் போட்டுக்கொள்ள. அப்படித்தான் சொன்னாள். நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஒயரைச் செருகிவிட்டுக் கூடத்துத் தரையில் படுத்துத் தூங்கிவிட்டார். அவள் உள்ளே வந்தாள். முன்னறை வரை. நின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குழந்தையை என் மடியில் வைத்தாள்.

"தலையப் பிடிங்க."

"சரி" என்றேன். எனக்குத் தெரியாதா என்று சொல்லவில்லை.

பால் வாசனை. அவளும் இப்படித்தான் இருந்தாள், இதே கனம். நான் அழக் கூடாது என்று சுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், என் வாயை. அதிலிருந்து என்ன வரும் என்று காத்திருப்பது போல. எதுவும் வரவில்லை. அப்புறம் அவள் செல்போனை எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு அந்தப் பையன் நினைவு வந்திருக்கும். எனக்கு வந்தது. அவன் இருந்தால் இந்நேரம் இந்த அறை முழுக்க ஓடியிருப்பான். அவன் முகத்தை நான் அன்று பார்க்கக்கூட இல்லை. என் கோபத்தோடு வெளியே போய் நின்றுவிட்டேன்.

ஏப்ரல் 18

மாடிக்காரர் கார் வாங்குகிறார், பாட்டரி கார்தான். தீப்பிடிக்கும் என்றவர். போன வாரம் முழுக்க எனக்கே அதைப் பற்றிப் பாடம் எடுத்தார். அவருக்குச் சார்ஜர் மாட்ட அதே எலக்ட்ரீஷியன் இன்று வந்தார். மேலே போகும் முன் என் பெட்டியையும் திறந்து துடைத்துச் சரிபார்த்தார்.

"உங்க பொண்ணு வர்றாங்களாம்மா?"

"மாசத்துக்கு ஒரு தடவ."

அது உண்மை. ஏதாவது ஒரு வேலை இந்தப் பக்கம் வந்துவிடுகிறது அவளுக்கு. வருவாள், ஒயரைச் செருகுவாள், குழந்தையை என்னிடம் தருவாள். நான்கு மணி நேரம். ராத்திரி தங்குவதில்லை. என்னை அங்கே வரச் சொன்னதும் இல்லை. இன்னும் நீங்கதான், போய்ட்டு வர்றேங்கதான். வண்டி நிறைந்ததும் கிளம்பிவிடுவாள். ஒரு நிமிடம் முன்னே போனதில்லை, பின்னே இருந்ததும் இல்லை.

எலக்ட்ரீஷியன் காதிலிருந்து பென்சிலை எடுத்துச் சுவரில் ஏதோ கணக்குப் போட்டார். தெரு லைனைப் புதிதாக மாற்றிவிட்டார்களாம். மாடிக்குப் பெரிய சார்ஜர் வருகிறது, கையோடு என்னுடையதையும் மாற்றிவிடலாமாம்.

"நாலு மணி நேரம் ஆவுறது ரெண்டே மணி நேரத்துல முடிஞ்சிரும். கைக்குழந்தைய வச்சுக்கிட்டு எதுக்கு அவங்க இவ்ளோ நேரம் காத்துக் கிடக்கணும்?"

வேண்டாம் என்றேன்.

ஏன் என்பது போலப் பார்த்தார்.

"இது மெதுவாவே ஏறட்டும்" என்றேன். அவர் மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டு மாடிக்குப் போனார்.